நாட்காட்டித் தாளின் பின்பக்கம்

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று மருத்துவர் மலாயில் கேட்டார். பக்கத்து நாற்காலியில் என் மூத்த மகள் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை எண்கள், ஸ்கேன் தேதி, மாத்திரை அளவு எல்லாவற்றையும் அவள்தான் குறித்துக்கொள்வாள். லோரி ஓட்டுகிறவனுக்கு எடைமேடையில் பேசும் மலாய் போதும்; மருத்துவமனைக்கு அது போதாது. அதனால் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு என்னோடு வருவாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன்றுமில்லை" என்றேன். அவளும் அப்படியே சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான 14 மாதங்களில் ஆறு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு முறையும் ஒன்றுமில்லை என்றே சொன்னேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நின்றது. பெற்ற மகள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது எந்த அப்பன் அதைச் சொல்லுவான்?

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கும், செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும், அவர்களுடைய கணவன் மனைவியருக்கும் இதை எழுதுகிறேன். சிறுநீரைப் பற்றியும் உடலுறவைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். எனக்கு யாராவது இப்படி எழுதித் தந்திருந்தால் அந்த 14 மாதங்கள் வீணாகியிருக்காது.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் பிறந்த லயம், தோட்டத்து வரிசை வீடு, இன்று இல்லை. அந்த இடத்தில் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை, நிற்கிறது. அந்தச் செம்பனைக் குலைகளைத்தான் 26 ஆண்டுகளாக லோரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டு போகிறேன். நோய் தெரிந்தபோது வயது 54. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, அதற்குப் பத்து வருடம் முன்பே வந்துவிட்டது.

மலத்தில் ரத்தம் வந்தபோது மூலம் என்று நினைத்தேன். நாள் முழுவதும் லோரியில் உட்காருகிறவர்களுக்கு மூலம் வருவது சகஜம் என்று எல்லாரும் சொன்னார்கள். கருணைக்கிழங்கு சாப்பிட்டேன், மோர் குடித்தேன், எட்டு மாதங்கள் போய்விட்டன. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், 2012 முதல் 2016 வரையிலான கணக்கின்படி, ஆண்களுக்கு மிக அதிகமாக வந்த புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான். 50 வயதைக் கடந்தவர்கள் அரசு சுகாதார கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனையைச் செய்துகொள்ளலாம். ஒரு சிறிய புட்டியில் மாதிரி கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் வந்தால் அந்தப் புட்டிக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

கட்டி ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. கோலாலம்பூரில் தங்கை வீட்டில் தங்கி எடுத்துக்கொண்டேன். கட்டி சுருங்கக் கொஞ்ச காலம் விட்டு, 2022 ஆகஸ்டில் அறுவை. குடலை இணைத்த இடம் ஆறும்வரை சிறுகுடலை வயிற்றில் திறந்து, மலம் சேர வெளியே பை வைத்தார்கள். 2023 ஜனவரியில் அதை மூடினார்கள். கட்டி முழுமையாக எடுக்கப்பட்டது, நிணநீர்க் கணுக்களில் ஒன்றுமில்லை என்றார்கள். அந்தக் கைகளுக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டவன்.

ஆனால் கையெழுத்து வாங்கும்போது யாரும் என்னிடம் சொல்லாத ஒன்று இருந்தது. ரத்தப்போக்கு, தொற்று, பை என்று எல்லாம் சொன்னார்கள். சிறுநீரும் ஆண்மையும் பாதிக்கப்படலாம் என்பது அந்தப் படிவத்தில் இருந்ததாகப் பின்னால் தெரிந்தது. ஒரு வரி. அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு விளங்கும்படி அதைச் சொன்னவர் எங்கள் பழைய தோட்டத்து டிரஸ்ஸர் ஐயா. தோட்ட மருந்தகத்தில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போதும் மாலையில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

அப்பா பால் வெட்டும்போது கூட நின்று பார்த்து வளர்ந்தவன் நான். பட்டையை ஆழமாகச் சீவினால்தான் பால் நன்றாக வரும். ஆனால் உள்ளே மரத்தை ஒட்டி இருக்கும் இளம் படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் திரும்ப வளரும். நல்ல வெட்டுக்கும் காயத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர். "உனக்கு உள்ளே நடந்ததும் அதே வெட்டுத்தான் தம்பி" என்றார் ஐயா. "மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. கட்டி பரவினால் முதலில் அதற்குள்தான் பரவும். அதனால் உறை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். அந்த உறையின் மேல் ஒட்டினாற்போல் நரம்புகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் நகர்ந்தால் நோய் மிச்சம், மறு பக்கம் நகர்ந்தால் நரம்பு போய்விடும்."

பிறகு நானே தேடிப் படித்தேன். உறையோடு சேர்த்து முழுசாக எடுக்கும் இந்த முறையை பிரிட்டனைச் சேர்ந்த பில் ஹீல்டு என்ற அறுவை மருத்துவர் 1982-இல் விளக்கி எழுதினார். அதற்கு முன்பு நோய் அதே இடத்தில் திரும்பி வருவது மிக அதிகம். நரம்புகள் போவதும் அதிகம். அந்த முறை பரவிய பிறகு இரண்டும் குறைந்தன. ஆனாலும் கட்டி தாழ்வாக இருந்தால், இடுப்பு எலும்பு குறுகலாக இருந்தால், கதிர்வீச்சும் சேர்ந்தால், பாதிப்புக்கான வாய்ப்பு கூடுகிறது. எனக்கு மூன்றும் இருந்தன. இனிப்பு நீர் நரம்பையும் ரத்தக் குழாயையும் ஏற்கனவே அரித்து வைத்திருந்தது.

நரம்புகள் ஒரே வகை இல்லை என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து இறங்கி வரும் நரம்புகள் சிறுநீர்ப்பையைத் தளர்த்திச் சிறுநீரைத் தேக்கி வைக்க உதவுகின்றன. விந்து வெளியேறுவதும் அவற்றின் வேலை. அதற்கும் கீழே, திருவெலும்பிலிருந்து வரும் நரம்புகள் சிறுநீர்ப்பையைச் சுருக்கி வெளியேற்றுகின்றன. விறைப்பு வருவதும் அவற்றால்தான். தொடு உணர்வும் உச்ச உணர்வும் வேறொரு நரம்பின் வழியாகப் போகின்றன; அது வேறு பாதையில் ஓடுவதால் இந்த அறுவையில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதனால் ஒருவருக்கு விறைப்பு இருந்து விந்து வராமல் போகலாம். இன்னொருவருக்கு விறைப்பு போய் உச்சம் மட்டும் மிஞ்சலாம். "எல்லாம் போய்விட்டது" என்று நான் நினைத்திருந்தேன். எல்லாம் போகவில்லை.

முதலில் சிறுநீர்.

அறுவையின்போது போட்ட குழாயை மூன்றாம் நாள் எடுத்தார்கள். ஆறு மணி நேரம் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு பலகைபோல் ஆனது. திரும்பவும் குழாய் போட்டு, அதோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுத்தபோது கொஞ்சம் போனது. போய்விட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். தாதி ஒரு சிறிய ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இன்னும் 350 மில்லி மிச்சம் என்றார். போவது வேறு, காலியாவது வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்சம் தேங்கினால் தொற்று வரும். சிறுநீர்ப்பை விரிந்து விரிந்து தசை தளர்ந்துவிடும். நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நாமே குழாய் விட்டுக் காலி செய்யும் முறையை அந்தத் தாதிதான் கற்றுக்கொடுத்தார். என் மகள் வயதுகூட இருக்காத மலாய்ப் பெண். திரையை இழுத்து மூடிவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசையக் கற்றுத் தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முனையைத் துடைத்து, குழாயில் வழவழப்பான ஜெல் தடவ வேண்டும். உறுப்பை வயிற்றுப் பக்கம் நிமிர்த்திப் பிடித்து மெல்லச் செலுத்த வேண்டும். பாதித் தூரத்துக்கு மேல் ஓர் இடத்தில் தடுக்கும். அங்கே அழுத்தக் கூடாது. மூச்சை இழுத்து விட வேண்டும், இருமிப் பார்க்கலாம், தானே வழி விடும். சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டு, நின்ற பிறகு மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். முதல் தடவை என் கை நடுங்கிய நடுக்கத்தில் ஜெல் முழுவதும் காலில் விழுந்தது. நான்காம் நாள் இரண்டு நிமிடத்தில் முடித்தேன். இந்த எளிய முறையை 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் எழுதி வைத்தார். கிருமியே இல்லாத அறை தேவையில்லை, சுத்தமான கையும் தவறாத நேரமும் போதும் என்று அவர் சொன்னதால்தான் என்னைப் போன்றவர்கள் தோட்டத்துக் கழிப்பறையில் நின்று இதைச் செய்துகொள்ள முடிகிறது.

நான் செய்த பெரிய தவறு தண்ணீரைக் குறைத்தது. குறைவாகக் குடித்தால் குறைவாகக் குழாய் விடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போது வயிற்றில் பை இருந்தது. சிறுகுடல் பை வைத்தவர்களுக்குத் தண்ணீரும் உப்பும் அந்தப் பை வழியாகவே நிறைய வெளியேறிவிடும். மேலே குடிப்பதையும் குறைத்தால் என்ன ஆகும்? நவம்பரில் ஓர் இரவு குளிர்காய்ச்சல், இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. சிறுநீர் கலங்கி நாறியது. சிறுநீர்த் தொற்று, கூடவே சிறுநீரக எண்களும் ஏறியிருந்தன. நான்கு நாள் படுக்கையில் கிடந்தேன். காய்ச்சலோடு நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் அடைத்து வலித்தாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். எவ்வளவு குடிக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு அந்த அளவைப் பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள். மாலைக்குப் பிறகு கோப்பியையும் தேநீரையும் குறைத்தேன். அது இரவில் உதவியது.

2023 மார்ச்சில் லோரிக்குத் திரும்பினேன். ஜூலையில் குலை அதிகம் வரும் பருவம் தொடங்கியது. ஆலைக்கு வெளியே லோரிகள் வரிசை கட்டி நின்றன. இரண்டரை மணி நேரம் நகரவில்லை. எனக்குச் சிறுநீர் வருகிற உணர்வே இல்லை. சரி, சிறுநீர்ப்பை காலியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இறங்கிப் போய்க் குழாய் விட்டு அளந்து பார்த்தால் 700 மில்லிக்கு மேல். நரம்பு மந்தமானால் நிறைந்திருப்பது தெரியாது. ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அன்று முதல் உணர்வை நம்புவதை விட்டுவிட்டுக் கடிகாரத்தை நம்பினேன். கைப்பேசியில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்தேன். லோரி இருக்கைக்குப் பின்னால் ஒரு துணிப்பை: குழாய்கள், ஜெல், ஈரத்தாள், அளக்க ஒரு சிறிய குவளை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழும், எங்கே பையை மாட்ட ஆணி இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு கையில் உறுப்பும் ஒரு கையில் குழாயுமாக நிற்கிறவனுக்குத் தாழ்ப்பாள்தான் மானம்.

ஒவ்வொரு முறையும் தானாகப் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதி வைத்தேன். முதலில் பாதிக்குப் பாதி. பிறகு மிச்சம் 200, 150 என்று இறங்கியது. உட்கார்ந்து போனேன். முடிந்ததும் எழுந்து ஒரு நிமிடம் நின்று, மறுபடி உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் இன்னும் கொஞ்சம் வரும். முக்கக் கூடாது. ஓராண்டு நிறையும் சமயத்தில் மிச்சம் 100-க்குக் கீழே நிலைத்தது, குழாயை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஓராண்டு ஆவதில்லை. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிறது, சிலருக்குக் குழாய் நிரந்தரமாகிறது. அந்தச் சிறிய நோட்டுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. எண்கள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

மலம் அடிக்கடி வருவதும் அவசரமும் தனிக் கதை, இன்னொரு நாள் எழுத வேண்டியது.

இப்போது படுக்கையறை.

அறுவைக்குப் பிறகு காலையில் ஒருநாள்கூட விறைப்பு வரவில்லை. முதலில் களைப்பு என்று விட்டுவிட்டேன். பிறகு வயிற்றுப் பை கசிந்துவிடும் என்று சாக்குச் சொல்லிக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டேன். பையை மூடிய பிறகும் அறைக்குத் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. 29 வருடம் ஒரே தலையணை உறையைத் துவைத்துப் போட்டவள் ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு நானாகவே காரணம் கண்டுபிடித்தேன்: என் மேல் அவளுக்கு அருவருப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பிலேயே பல மாதங்கள் வாழ்ந்தேன்.

ஆலையில் ஒரு நண்பர், விஷயம் தெரியாமலே, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய, ஆண்மைக்கு என்று விற்கும் தொங்காட் அலி மூலிகைக் கோப்பி இரண்டு பொட்டலம் கொடுத்தார். குடித்தேன். முகம் சிவந்து, தலை இடி இடியென்று இடித்து, லோரியை ஓரமாக நிறுத்திவிட்டேன். இப்படி விற்கும் பொருள்களில் சிலவற்றில் சில்டெனாஃபில் போன்ற விறைப்புக்கான மருந்தை வெளியே சொல்லாமல் கலக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று குடிப்பவருக்குத் தெரியாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறவர் இதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இந்த நாட்டில் பதிவு பெற்ற மருந்தில் மால் என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும், பாதுகாப்பு ஒட்டு இருக்கும். அது இல்லாததை வாயில் வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

டிரஸ்ஸர் ஐயாதான் ஒருநாள் ஒட்டுக்கடையில், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "தம்பி, காலையில் விறைப்பு வருகிறதா?" என்று கேட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல். நான் அழுதுவிட்டேன். அவர் தேநீரை முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அடுத்த முறை மகளைக் கூட்டிப் போகாதே. வாயால் வராததைக் கையால் எழுது. எழுதிக் கொண்டு வா, நான் மலாயில் போட்டுத் தருகிறேன்."

அன்று இரவு அடுப்படி மேசையில் உட்கார்ந்தேன். சுவரில் மாட்டிய நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். எதிரே அவள் செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எழுதியது நான்கு வரி. அறுவைக்குப் பிறகு விறைப்பு இல்லை. ஆசை இருக்கிறது. ஒருமுறை உச்சம் மட்டும் வந்தது, விந்து வரவில்லை. இது திரும்புமா, மருந்து இருக்கிறதா?

எழுதியதை அவள் பக்கம் தள்ளினேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று தெரியவில்லை. அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். பேனாவை என் கையிலிருந்து வாங்கி ஐந்தாவது வரி எழுதினாள்: "நான் தொட்டால் அவருக்கு உள்ளே தையல் பிரிந்துவிடுமா?"

அவள் கூப்பிடாததற்குக் காரணம் அதுதான். 14 மாதம் அவள் பயந்துகொண்டிருந்தாள். நான் அவமானப்பட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. தாளில் நெத்திலி வாசனை ஒட்டிக்கொண்டது. அதே தாளைத்தான் டிரஸ்ஸர் ஐயாவிடம் கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் கீழே மலாயில் எழுதினார்.

மகளிடம், "இந்த முறை அம்மா வருகிறாள்" என்று மட்டும் சொன்னோம். அன்று அறையில் இருந்தது ஓர் இளம்பெண் மருத்துவர். திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். என் மனைவிதான் தாளை மேசையில் வைத்தாள். அவர் முழுவதும் படித்துவிட்டு, ஐந்தாவது வரிக்கு முதலில் பதில் சொன்னார், என் மனைவியைப் பார்த்து: "பிரியாது அம்மா. உள்ளே எல்லாம் ஆறிவிட்டது." அதன் பிறகு மற்ற நான்குக்கும் வந்தார். நரம்பு அறுபடாமல் நசுங்கியோ இழுபட்டோ இருந்தால் ஓராண்டு, இரண்டாண்டு வரைகூட மெல்ல மீளலாம். அதுவரை சும்மா காத்திருக்கத் தேவையில்லை, ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றச் சிகிச்சை உண்டு. விந்து வராததால் உடலுக்குத் தீங்கு இல்லை. சிலருக்கு அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது, சிலருக்கு வெளியேறுவதே நின்றுவிடுகிறது. சிறுநீரியல் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தந்தார். நிபுணர் கிளினிக்குக்கு அப்போது ஐந்து வெள்ளிதான், அதாவது ஐந்து ரிங்கிட். 14 மாதம் என்னை அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தியது பணமில்லை.

சில்டெனாஃபில் 50 மில்லிகிராமில் தொடங்கினார்கள். அதற்கு முன் இதயத்தைப் பரிசோதித்தார்கள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்து எடுக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டார்கள். முதல் இரண்டு தடவை பலன் இல்லை. மருந்து பொய் என்று நினைத்தேன். தவறு என்னுடையது. ஒருமுறை பிரியாணி சாப்பிட்டுவிட்டு எடுத்தேன். கொழுப்புச் சாப்பாடு மருந்தைத் தாமதப்படுத்தும். இன்னொரு முறை விழுங்கிவிட்டு, தானாக வரும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இது ஆசையைக் கொண்டுவரும் மருந்து இல்லை. தொடுகையும் நெருக்கமும் இருந்தால்தான் வேலை செய்யும். வயிறு லேசாக இருக்கும்போது, ஒரு மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும். மருத்துவர் அளவை ஏற்றினார். பல முறை முயன்ற பிறகே பலனில்லை என்று முடிவு செய்யலாம் என்றார். பாதிப் பலன் வந்தது.

பிறகு காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்றைக் காட்டித் தந்தார்கள். குழலை மாட்டிக் காற்றை இழுத்தால் ரத்தம் நிறையும். அடியில் ஒரு வளையம் போட்டு நிறுத்த வேண்டும். வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. உறுப்பில் நேரடியாகப் போடும் ஊசியும் உண்டு, நரம்பு முற்றிலும் போனவர்களுக்கும் அது பலன் தரலாம். எந்த மருந்தானாலும் விறைப்பு நான்கு மணி நேரம் தணியாவிட்டால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். உள்ளே பொருத்தும் கருவியும் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. புகையை நிறுத்தினேன், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தேன். இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்தார்: சிறுநீரை அடக்குகிற மாதிரி ஐந்து விநாடி இறுக்கி விடுவது, பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. லோரி வரிசையில் நிற்கும்போது செய்வேன்.

22-ஆம் மாதத்தில் ஒரு காலை, மருந்து இல்லாமல், அரைகுறையாக விறைப்பு வந்தது. எழுந்து அவளை எழுப்பினேன். முன்பிருந்தது முழுதாகத் திரும்பவில்லை, விந்து இன்றுவரை இல்லை. ஆனால் கூடத்துப் பாயைச் சுருட்டி வைத்து வெகு நாளாகிறது. விறைப்பு வராத இரவிலும் பக்கத்தில் படுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை, 14 மாதமும் செய்திருக்கலாம்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், இதே அறுவை செய்துகொண்ட ஓர் அக்கா, என் மனைவியிடம் துணி உலர்த்தும் இடத்தில் நின்று காதோடு சொன்னார். கதிர்வீச்சுக்குப் பிறகு மாதவிலக்கு நின்றுபோனது, பிறப்புறுப்பு வறண்டு குறுகிவிட்டது, கணவர் அருகில் வந்தாலே வலி. மூன்று வருடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆண்களிடமாவது எப்போதாவது யாராவது கேட்கிறார்கள். பெண்களிடம் பிள்ளைகள் எத்தனை என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. அவருக்கும் வழி இருந்தது: நீரில் கரையும் ஜெல், குறுகாமல் இருக்க மெல்ல மெல்ல விரிக்கும் சிறு கருவிகள், மருத்துவர் பார்த்து எழுதித் தந்த ஹார்மோன் களிம்பு. சிறுநீர் அடக்க முடியாமல் சொட்டுவதற்கும் பயிற்சி இருக்கிறது. என் மனைவி அவரோடு மருத்துவமனைக்குப் போனாள். அவர்களும் தாளில் எழுதித்தான் கொண்டு போனார்கள்.

இன்னும் பிள்ளை வேண்டும் என்கிற வயதில் இருப்பவர்கள் கதிர்வீச்சுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். விந்தணுவையும் கருமுட்டையையும் உறைய வைத்துச் சேமிக்க முடியும். சிகிச்சை தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். எல்லாருமே அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை: என் கட்டி நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அவற்றைக் காப்பாற்ற முடியுமா, சிறுநீர் போகாவிட்டால் யாரிடம் வர வேண்டும். இப்போது சிறுநீரும் உறவும் எப்படி இருக்கின்றன என்பதையும் நீங்களே சொல்லிப் பதிய வையுங்கள். என்னிடம் யாரும் கேட்டுப் பதியாததால், எது இனிப்பு நீரால் போனது, எது அறுவையால் போனது என்று பின்னால் மருத்துவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன மாதம் டிரஸ்ஸர் ஐயா ஒருவரை அனுப்பினார். வேறு தோட்டத்து லோரி ஓட்டுநர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அறுவை முடிந்து எட்டு வாரம் ஆகிறது. வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றார். நான் வெளியே போனேன். குடும்பம், ஊர், பருவத்துக் குலை விலை என்று எல்லாம் பேசினோம். சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பிவிட்டு, மறுபடி அணைத்தார்.

"அண்ணே, ஆலையில் எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழும்?"

"எடைமேடைக்குப் பின்னால், இரண்டாவது. கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். பையை மாட்ட ஆணி நான் அடித்து வைத்திருக்கிறேன்" என்றேன். அவர் மோட்டாரிலிருந்து இறங்கி உள்ளே வந்தார்.